நான்கு மாதமும் பத்து நாளும்

என் புருஷன் மௌத்தானபோது நான் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் சொன்னால் கொஞ்சம் சுருக்கமாக இருக்கும்.

மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் கட்டில். மகள் ஜெஸீமாவுக்கு அப்போது எட்டு வயது. பின்கதவால் வந்து என் சீலையைப் பிடித்து இழுத்து, "உம்மா, வாப்பாக்கு இழுக்குது" என்றாள். லாபிருக்கு இழுப்பு வராத வாரமே கிடையாது. சுடுதண்ணீர் குடித்து, தலையணையை உயர்த்தி வைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடும். மெஷினுக்குள் மிளகாய் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் கல் பிடித்துக்கொள்ளும். "இது முடியட்டும், வாறேன்" என்றேன். பிள்ளை திரும்பிப் போனாள்.

மிளகாய் முடிய ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். லாபிர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டிஸ்பென்சரி டொக்டர் சொன்னார். நல்ல மனுஷன். நான் அழவில்லை. கண் எரிந்துகொண்டிருந்தது, அது மிளகாய்.

மில் என்னுடையது. இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் அதை லாபிர் நானா மில் என்றுதான் சொன்னார்கள். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை பதப்படுத்துகிற ஸ்டோருக்குக் கரண்ட் வந்தபோது பழைய டீசல் எஞ்சினை விற்றார்கள். என் கழுத்திலும் கையிலும் கிடந்ததை விற்று நான்தான் அதை வாங்கினேன். முதல் இரண்டு வருஷம் லாபிரும் நானும் சேர்ந்துதான் அரைத்தோம். மாத்தூசு அவர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. மில் வாசலுக்கு வந்தாலே மூச்சு வாங்கும். ஆகவே அவர் வீட்டுக்குள் போனார், நான் மில்லுக்குள் போனேன். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. நடந்தது, அவ்வளவுதான்.

சோறு ஆக்குவது அவர், பிள்ளையைக் குளிப்பாட்டுவது அவர், தலை பின்னிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது அவர். எங்கள் பேச்சில் அண்ணனை நானா என்போம், அக்காவைத் தாத்தா என்போம். சந்தியில் நிற்கிற விடலைகள் அவரை "லாபிர் தாத்தா, இன்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார்கள். "பருப்பும் கருவாடும், வாறியா?" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையைப் பிடித்துப் போவார். அவருக்கு ரோஷமே கிடையாது என்று எனக்குக் கோபம் வரும். கோபப்பட நேரம் இருக்காது. எஞ்சின் காத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் மில்லில் மெஷின் ஒன்றுதான். அரிசியும் அதில்தான், மிளகாயும் அதில்தான். ஆகவே நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். காலையில் அரிசி, குரக்கன், உளுந்து. பகலுக்குப் பிறகு மல்லி, மஞ்சள். மிளகாய் எல்லாவற்றுக்கும் கடைசி. மிளகாய் முடிந்ததும் ஒரு கொத்து உடைந்த அரிசிக் குறுணலைப் போட்டு ஓட்டிக் கல்லைக் கழுவுவது. அந்தக் குறுணல் மா கோழிக்குக்கூட ஆகாது. அமைச்சர் வீட்டுக் கார் வந்து நின்றாலும் காலையில் மிளகாய் அரைக்கமாட்டேன். இதனால் எனக்கு வாய்க்காரி என்ற பெயர் வந்தது. மாவும் நல்ல மா என்ற பெயர் வந்தது.

இனி இத்தாவுக்கு வருகிறேன். புருஷனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்க வேண்டும். மையித்தை அடக்க எடுத்த அன்றே எனக்கு உள்ளறையில் பாய் விரித்துவிட்டார்கள். துணைக்கு லாபிரின் மூத்த சகோதரி பீபி தாத்தா உக்குவெலயிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். வந்தவுடன் அறைக்குத் திரை கட்டினார். திரைக்கு வெளியே லாபிரின் தம்பி ரவூப் வந்து நின்றான். இரும்புக்கடையில் வேலை செய்கிறவன்.

"மதினி, மில்லுச் சாவியக் குடுத்தனுப்புங்க" என்றான். "நாலு மாசம் பூட்டி வெச்சா எஞ்சின் துருப்பிடிச்சிரும். ஆட்களும் வேற மில்லுக்குப் பழகிருவாங்க. நான் லீவு போட்டுட்டுப் பாத்துக்கிறேன்."

அவன் சொன்னது சரிதான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீபி தாத்தாவிடம் கொடுத்தேன். "மிளகா கடைசின்னு சொல்லுங்க" என்றேன். "தெரியும், தெரியும்" என்று திரைக்கு வெளியே சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் ஜெஸீமா சீப்பும் இரண்டு சிவப்பு ரிப்பனும் கொண்டுவந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு அவளுக்குத் தலை பின்னிப் பழக்கம். எஞ்சின் வாரை நான் தனியாக மாட்டுவேன். கல் தேய்ந்தால் உளி வைத்துக் கொத்துவேன். அந்த இரட்டைப் பின்னல் மட்டும் எனக்கு வரவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. பிள்ளை தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல உம்மா" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதைப் போல அத்தனை மரியாதையாகச் சொன்னாள்.

பார்க்க வந்த பெண்கள் என் கண்ணைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி தன் புருஷன் மௌத்தைச் சொல்லி அழுதாள், நான் சேர்ந்து அழுவேன் என்று. எனக்கு ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருக்குமே, நான் முழுக்க அப்படி இருந்தேன். மூன்றாம் நாள் பகலில் தூங்கிவிட்டேன். வந்தவர்கள் குறட்டை விடுகிற கைம்பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதுவும் ஊரில் ஒரு வாரத்துக்கு ஓடியது.

என்ன செய்வது, தூக்கம் வந்தது. பதினொரு வருஷத்தில் நான் பகலில் படுத்தது ஜெஸீமா பிறந்த வாரத்தில் மட்டும்தான். அப்போதும் எட்டாம் நாள் எஞ்சினை நான்தான் கிளப்பினேன்.

பிறகு நாட்கள் போயின. பள்ளிக்கூடம் விட்டு வந்த முதல் நாட்களில் ஜெஸீமா வாசலில் நின்று "உம்மா?" என்று கேட்பாள். "இங்கதான் இருக்கேன்" என்று பதில் வந்தபிறகுதான் உள்ளே வருவாள். இரண்டு மூன்று வாரத்தில் கேட்பதை விட்டுவிட்டு நேரே ஓடிவந்தாள். புத்தகப் பையைக் கழற்றாமலேயே கதைக்கத் தொடங்குவாள். அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கணக்கு டீச்சரைக் கண்டால் பயம் என்பதும், பின்வரிசைப் பல் ஒன்று ஆடுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. புது மெஷின் ஒன்றைப் படிப்பதுபோல் என் பிள்ளையை நான் படித்துக்கொண்டிருந்தேன். பின்னலும் கைவந்தது. ஒரு நாள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓடினாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இருந்தேன். புருஷன் மௌத்தாகி இரண்டு மாதத்தில், அவர் படுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷமும் ஒரு மாதிரி தூரத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் சமைக்கிற வாசனைபோல.

மில் எங்கே போகும்? சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தாவில் இருக்கிறவள் பிற ஆண்களின் குரலைக்கூடக் கேட்கக்கூடாது என்பார் பீபி தாத்தா. சுவருக்கு அப்பால் மாத்தளை மாவட்டத்து ஆம்பிளைகள் பாதிப்பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசிக்கு ஒரு சத்தம், மல்லிக்கு ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டே கல் எப்போது சூடேறியிருக்கிறது, வார் எப்போது வழுக்குகிறது என்று சொல்வேன். சூசையம்மா பின்கதவால் வரும்போது அதையெல்லாம் சொல்லி அனுப்புவேன்.

சூசையம்மா மில்லில் என்னோடு ஒன்பது வருஷம் நின்றவள். எல்கடுவத் தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்கு வந்து குடியேறியவள். அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை, நிலாக் கணக்கில் வருகிற போயாவுக்குத்தான் லீவு. ஆகவே ஞாயிறு விடிய முதல் பூசை பார்த்துவிட்டு, தலையில் போட்ட முக்காட்டோடு நேரே மில்லுக்கு வருவாள். பெண்பிள்ளை என்பதால் திரைக்குள் வரலாம். உள்ளங்கையில் கொஞ்சம் மா கொண்டுவந்து நீட்டுவாள். நான் விரலால் தேய்த்துப் பார்த்து, "கல்ல ஒரு பிடி இறுக்கச் சொல்லு" என்பேன். போய்ச் சொல்வாள். ரவூப் கேட்கிற நாளும் உண்டு, கேட்காத நாளும் உண்டு.

ஏப்ரல் மாதம், சிங்களப் புத்தாண்டுக்கு நாலு நாள் இருந்தது. மில்லுக்கு வருஷத்திலேயே பெரிய வாரம் அது. பல்லேபொலப் பெண்கள் ஊறவைத்து வடித்த அரிசியை முதல் பஸ்ஸில் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். கவும் என்கிற எண்ணெய்ப் பலகாரத்துக்கு மா. அந்த மாவில் சுடுகிற பலகாரம்தான் பெரியவர்களுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தட்டில் போகும். அந்த வாரம் நான் மெஷினை விட்டு அசையமாட்டேன்.

பள்ளிக்கூட லீவு. ஜெஸீமா என் மடியில் முகம் புதைத்துக் கிடந்தாள், நான் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் யாரோ ஒரு ஹோட்டல்காரன் வந்து கத்தினான். பஸ் போகிறதாம், ஒரு சாக்கு மிளகாய்தானாம், உடனே வேண்டுமாம். ரவூப் என்னவோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் மெலிந்தது. காய்ந்த மிளகாய் சரசரவென்று உள்ளே விழுந்தது. பீபி தாத்தா குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து தும்மினார். காலை பத்து மணிக்கு மிளகாய்.

என் கை நின்றுவிட்டது. சரி, அரைத்துத் தொலைக்கட்டும், பிறகு குறுணல் போட்டால் போதும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜெஸீமா முகத்தைத் திருப்பாமலேயே கேட்டாள்.

"உம்மா, இது மிளகாதானே?"

"ஓம்."

"அண்டைக்கும் இந்தச் சத்தம்தான்."

மூன்று மாதமாக அவள் அந்த நாளைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

"வாப்பாக்குப் பேச ஏலாமப் போச்சு உம்மா. கையாலதான் காட்டினாரு. நான் மறுபடி போய் உங்களக் கூப்பிடட்டான்னு கேட்டேன். வேணாம்னு தலையாட்டினாரு. சுவத்தக் காட்டினாரு. சத்தத்தக் கேளு, இன்னம் முடியலன்னு. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தம்."

சுவருக்கு அப்பால் மிளகாய் முடிந்தது. எஞ்சின் ஒரு கணம் வெறுமையாக ஓடியது.

"பெறகு சத்தம் நிண்டிச்சு" என்றாள். "முடிஞ்சிருச்சு வாப்பா, இந்தா உம்மா வாறாங்கன்னு சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. என்கிட்ட கோவம்னு நினைச்சேன்."

அந்த நேரத்தில் மறுபடி சத்தம் வந்தது. குறுணல் என்றால் கரகரவென்று ஒரு நிமிஷத்தில் ஓடி முடிந்துவிடும். இது கனத்த சத்தம், ஈர அரிசி. குறுணல் போடாமல், கல்லைக் கழுவாமல், அப்படியே பல்லேபொல அரிசியைக் கொட்டிவிட்டான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு வார்த்தை போதும். பீபி தாத்தாவைக் கூப்பிட்டு, "ஓடிப்போய் நிப்பாட்டச் சொல்லுங்க" என்றால் ஒரு படி மாவோடு போயிருக்கும். பிள்ளையின் தலை மடியில் இருந்தது. என் கை அவள் முடிக்குள் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட முடியவில்லை என்று சொன்னால் பொய். கூப்பிடவில்லை.

"கோவம் இல்ல மகள்" என்றேன். அவள் அப்படியே தூங்கிப்போனாள். அன்று பகல் முழுக்க அரிசி அரைபட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவளை மடியில் வைத்திருந்தேன்.

புத்தாண்டு கழிந்து மில் திறந்த அன்றைக்கே பல்லேபொலப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்களாம். ஒருத்தி வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்த கவுமை ரவூபின் தராசுத் தட்டில் வைத்து, சாப்பிட்டுப் பாருங்கள் முதலாளி என்று சிங்களத்தில் சொன்னாள். கேட்ட சத்தத்தில் அவன் சாப்பிட்டான் என்றுதான் நினைக்கிறேன், இருமினான். அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு வைத்த முதல் பலகாரமே உறைத்ததாம். ஒரு பிள்ளைக்கு வாய் வெந்துபோனதாம். சிரிப்பும் திட்டும் கலந்து வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரவூப் சூசையம்மாவைக் கைகாட்டினான். கல் கழுவுவது அவள் வேலையாம். அன்றைக்கே அவளை நிற்பாட்டிவிட்டான்.

சூசையம்மா பின்கதவால் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை, அவளும் என்னைப்போல ஒரு ஜென்மம்தான்.

"நான் சொன்னேங்கம்மா. கொறுணல் போடுவோம்னு கையில எடுத்துக்கிட்டு நின்னேன். வரிசை நிக்குது, நேரமில்லன்னு தட்டிவிட்டுட்டாரு. இப்ப எம்மேல போட்டுட்டாரு."

"எனக்குக் கேட்டிச்சு சூசையம்மா" என்றேன். "மிளகா அரைச்சதும் கேட்டிச்சு. குறுணல் போடாததும் கேட்டிச்சு."

என் பக்கம் திரும்பினாள். "பின்ன ஏங்கம்மா ஒரு சொல்லு சொல்லியனுப்பல?"

"புள்ள மடியில இருந்தா."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருக்கலாம். எழும்பி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எம் புள்ளைங்க மூணும் புள்ள மடுவத்துல வளந்துச்சுங்க" என்றாள். "நான் மலையில கொழுந்து எடுக்கையில ஆயாம்மாதான் தூக்கிக்கிட்டு இருப்பாங்க. மடியில வச்சிருந்த ஞாபகமே எனக்கு இல்லீங்க. நீங்களாவது வச்சிருந்தீங்களே." பிறகு, "மே மாசம் வரைக்கும் தோட்டத்துக்கே போயிக் கொழுந்து எடுக்குறேன். அப்புறம் மில்லு யாரு கையிலன்னு பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே மாத நடுவில் ரவூப் திரைக்கு வெளியே வந்து நின்றான். இத்தா முடியப் பத்து நாள் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. மெஷின் தெரியாதவன், அவ்வளவுதான்.

"மதினி, நான் இரும்புக்கடைய விட்டுட்டேன்" என்றான். "மில்ல நானே பாக்கிறேன். நீங்க வீட்ல புள்ளையோட இருங்க. மாசாமாசம் அரிசி சாமான், புள்ளைக்கு உடுப்பு, எல்லாம் வந்திரும். ஒரு குறையும் வெக்கமாட்டேன். நானாவும் இல்ல, நீங்களும் வெளியே நிண்டா புள்ளைய யாரு பாப்பா?"

பீபி தாத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அல்லாஹ் கண்ணத் தொறந்திட்டான்" என்றார். "நீ பதினொரு வருஷம் மாடா உழைச்சது போதும் றஹீமா. புள்ள இப்பதான் நாலு சதை போட்டிருக்கா."

அதுவும் உண்மை. அவர்கள் சொன்னதில் பொய் என்று ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் பெரிய கஷ்டம். பிடிக்காமல் இருந்திருந்தால் எத்தனை சுலபம். ஆனால் ரவூபிடம் போன சாவி திரும்பி வராது. அவன் எடுத்துக்கொள்வான் என்பதில்லை. பழகிவிடும். ஒரு வருஷத்தில் நான் அரிசி சாமானுக்குத் திரைக்குப் பின்னால் காத்து நிற்பேன். கல் தேய்ந்தாலும் ஒன்றுதான், வார் அறுந்தாலும் ஒன்றுதான், எனக்கென்ன என்று இருப்பேன். பல்லேபொலக்காரர்கள் வேறு மில்லுக்குப் போவார்கள். சூசையம்மா மலையில் நிற்பாள். நாளைக்கு ஜெஸீமாவுக்கு ஒரு கஷ்டம் வந்தால் எதை எடுத்துக் கொடுப்பேன்?

மறுபக்கத்தையும் பார்த்தேன். விடிய ஐந்தரைக்கு நான் எஞ்சினைக் கிளப்பினால் பிள்ளைக்குத் தேத்தண்ணி யார் கொடுப்பது? பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் யாரிடம் கதைப்பாள்? எனக்கு ஒரு லாபிர் இருந்தார், அதனால் எனக்கு ஒரு மில் இருந்தது. ஊரே சிரித்த அந்த மனுஷன் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தாங்கிப்பிடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் அழுகை வரவில்லை.

"சாவிய என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க தாத்தா" என்றேன். "இத்தா முடிஞ்ச அண்டைக்கே மில்ல நான் தொறப்பேன். ரவூப் கடையில போய்க் கேட்டா மறுபடி எடுப்பாங்க."

திரைக்கு வெளியே அவன் செருப்புச் சத்தம் போனது.

"புள்ளைய யாருடி பாப்பா?" என்றார் பீபி தாத்தா.

"நான்தான்."

"எப்பிடி?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவரிடமும் சொன்னேன். அவர் துணிகளை மடித்துத் தகரப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். ஜெஸீமா அறை மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. கேட்டாளா, கேட்கவில்லையா என்றும் தெரியவில்லை. அந்தப் பத்து நாளும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். முன்கூட்டியே பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

இத்தா முடிந்த காலையில் குளித்து, தொழுது, வெள்ளையைக் களைந்து, பச்சைக் கரைச் சீலை ஒன்றை உடுத்தினேன். பீபி தாத்தா துஆ ஓதி என் தலையில் ஊதி, ரவூப் கொடுத்தனுப்பிய சாவியைக் கையில் தந்தார். மில் வாசலில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. நான் திறக்கப்போகிறேன் என்ற செய்தி எப்படியோ போயிருக்கிறது. சூசையம்மாவின் குரலும் கேட்டது, யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெஸீமா பள்ளிக்கூட உடுப்போடு வந்து என் முன்னால் நின்றாள். அவளுக்குச் சொல்ல ஒன்றிரண்டு விஷயம் யோசித்து வைத்திருந்தேன். பகலில் ஒரு மணித்தியாலம் மில்லைச் சூசையம்மாவிடம் விட்டுவிட்டு வருவேன் என்று, போயா லீவில் எங்கும் போகமாட்டேன் என்று. அதற்குள் அவளே கேட்டாள்.

"உம்மா, நீங்க இன்னொரு கலியாணம் முடிப்பீங்களா?"

"ஏன் மகள் கேக்கிற?"

"முடிங்க உம்மா. அவரும் மௌத்தாவாருதானே. அப்ப நீங்க மறுபடி நாலு மாசமும் பத்து நாளும் வீட்ல இருப்பீங்க."

பீபி தாத்தா "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து நாளாக யோசித்துக்கொண்டு வந்து சொல்கிறாள்.

"ஆனா வாப்பா மாதிரி ஆள் வேணாம்" என்றாள். "நமக்கு விருப்பமில்லாத ஆளாப் பாருங்க உம்மா. மௌத்தானா அழுகை வராத ஆளா."

நான் யோசித்து வைத்திருந்த ஒன்றிரண்டு விஷயமும் போய்விட்டது. "பாப்பம் மகள்" என்றேன். பிள்ளைகளிடம் பெரியவர்கள் எப்போதும் சொல்கிறதுதான். அவளுக்கும் அது தெரியும். தலையை ஆட்டிவிட்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, தனியாகப் படியிறங்கிப் போனாள்.

தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே சூசையம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் போய் மில்லைத் திறந்தேன்.